இருபதுக்குப் பத்தொன்பது

பால் வண்டியில் கேன்களை இறக்கிவிட்டு ஆளை ஏற்றினால் சொசைட்டியில் விளக்கம் கேட்பார்கள். கேன்களை இறக்காமல் ஆளை ஏற்றினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இந்தச் சூட்சுமம் பால்காரிக்குத் தெரியும். அதனால்தான் நிறைமாதமாக இருந்த அவளுடைய அண்ணி, பதினொரு பால் கேன்களுக்கு நடுவில் பன்னிரண்டாவது கேனைப் போல உட்கார்ந்து, காலை ஒன்பதே முக்காலுக்கு மகப்பேறு நிலையத்தின் வாசலில் வந்து இறங்கினாள்.

பால்காரி என்றால் மாடு வைத்திருப்பவள் அல்ல. ஊர்ச் சொசைட்டியில் பாலைச் சோதித்து வாங்குவது அவள் வேலை. அவளுடைய அண்ணனின் மனைவிதான் இந்த அண்ணி, தையற்காரி. அண்ணன் லாரியோடு எங்கோ நாலு நாள் தூரத்தில் இருந்தான்.

அண்ணிக்கு நேற்றே முகம் உப்பியிருந்தது. இன்று காலையில் கை வீங்கி வளையல் ஏறவில்லை. இடுப்பு வலியும் விட்டு விட்டு வர ஆரம்பித்திருந்தது. "தலை வெடிக்குதுடி. உன்னைப் பார்த்தா ரெண்டு பேரா தெரியுற" என்றாள்.

"ஒருத்தியையே உன்னால பொறுக்க முடியாது. ரெண்டு பேர் வந்தா என்ன பண்ணுவ?" என்று பால்காரி சீண்டினாள். அண்ணி பதில் பேசவில்லை. அப்போதுதான் பால்காரிக்குப் பயம் வந்தது. ஏழு வருஷமாக அந்த வீட்டில் ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை வராமல் இருந்ததே இல்லை. உடனே வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தொலைவு. இந்த நிலையமோ இருபது நிமிஷம்.

வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். 'தாய்மை அறிவில் நூறு சதவீத முன்னேற்றம் கண்ட முன்மாதிரி நிலையம்' என்று துணிப் பதாகை ஒன்று காற்றில் ஆடியது. அன்றைக்கு மதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. குழுவை அழைத்துவந்த ஆம்புலன்ஸ் நிழலில் நின்றது. அதன் படுக்கையில் பூங்கொத்துகள் படுத்திருந்தன.

உள்ளே முதல் மேசையில் ஒருவர் இருந்தார். அவருடைய பதவியின் முழுப்பெயர் தாய்மை அறிவு மேம்பாட்டு அலுவலர். சுருக்கமாக அறிவு அலுவலர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் வேறு. அது இங்கே வேண்டாம்.

"சார், இவளுக்குத் தலைவலி, கண்ணு மங்குது, வலியும் எடுத்துடுச்சு. டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள் பால்காரி.

"கூப்பிடலாம், கூப்பிடலாம். முதல்ல நுழைவுத் தேர்வு முடியட்டும். இருபதே கேள்வி." அலுவலர் அண்ணிக்கு நாற்காலியைக் காட்டினார். காட்டிய விதத்தில் மரியாதைக்குக் குறைவே இல்லை. "முதல் கேள்வி. பேறுகால ஆபத்து அறிகுறிகள் எவை? தெரிந்தவரை கூறவும்."

"தீராத தலைவலி" என்றாள் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு. "கண்ணு மங்குறது. முகம், கை வீக்கம். நெஞ்சுக்குக் கீழ வலி."

அலுவலரின் முகம் வாடியது. "நாலும் சரி."

"நாலும் இப்ப எனக்கு இருக்கு சார்."

"அம்மா, கேள்வி உங்களைப் பத்தி இல்ல. பொதுவா தாய்மார்களைப் பத்தி. இதுல சொந்த விஷயத்தைக் கலக்கக் கூடாது."

"அவ பொதுவா இல்ல சார், இங்கதான் உட்கார்ந்திருக்கா!" என்றாள் பால்காரி.

"துணைக்கு வந்தவங்க பதில் சொல்லக் கூடாது. ரெண்டாவது கேள்வி."

இருபது கேள்வியும் முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இடையில் மூன்று தடவை வலி வந்தது. வலி வரும்போதெல்லாம் அலுவலர் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கூட்டிப் பார்த்தபோதுதான் அவருக்கு வியர்த்தது. இருபதுக்குப் பத்தொன்பது. தவறான ஒரே பதில், 'அவசர காலத்தில் யாரை நம்புவீர்கள்?' என்ற கேள்விக்கு. 'நிலையத்தை' என்பது சரியான விடை. அண்ணி 'நாத்தனாரை' என்று சொல்லியிருந்தாள். ஏழு வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. ரசிக்கத்தான் பால்காரிக்கு நேரம் இல்லை.

"இவ்வளவு எப்படித் தெரியும்?" அலுவலரின் குரல் தாழ்ந்தது. "கேள்வித்தாள் வெளியே போயிடுச்சா? யார் கொடுத்தாங்க, சொல்லுங்க."

"நீங்கதான் சார். சுவரொட்டி கொடுத்தீங்களே."

"அதைப் படிச்சீங்களா?"

திருட்டைக் கண்டுபிடித்தவர் போலக் கேட்டார். அண்ணி அந்த வலியிலும் விளக்கினாள். சுவரொட்டித் தாள் நல்ல கெட்டி. ரவிக்கைக்கு அளவு வெட்டி வைத்துக்கொள்ளத் தோதானது. முதுகுத் துண்டில் 'தலைவலி', கைத் துண்டில் 'கண் மங்கல்', கழுத்து வளைவில் 'உடனே விரைந்து வாருங்கள்'. இரண்டு வருஷமாகத் தினமும் சாக்கட்டியால் அதைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

"போச்சு" என்றார் அலுவலர்.

"என்ன போச்சு? நல்ல மார்க்தானே?"

"அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும். எட்டு மார்க்குக்குக் கீழ வாங்குறவங்களைத்தான் உள்ள சேர்ப்போம். பாடம் நடத்துவோம். வெளியே போறப்ப பதினெட்டு வாங்குவாங்க. வித்தியாசம் பத்து. அந்தப் பத்துதான் எங்க சேவை. இவங்க பத்தொன்பதோட உள்ள வந்தா, வெளியே போறப்ப இருபது. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. ஒரு மார்க்குக்காக ஒரு டாக்டரும் ரெண்டு சிஸ்டரும் இவ்வளவு பெரிய கட்டடமும் எதுக்குன்னு குழு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"குழந்தை பொறந்துச்சுன்னு சொல்லுங்க."

"குழந்தை பொறக்குறது அறிவு மேம்பாட்டுல வராதும்மா. அது வேற பிரிவு. அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடல."

பால்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எங்க சொசைட்டியில தண்ணி கலந்த பாலைத்தான் திருப்பி அனுப்புவோம். நல்ல பாலைத் திருப்பி அனுப்புற இடத்தை இன்னைக்குத்தான் பார்க்குறேன்."

சுவரோரம் நின்ற சிஸ்டர் இதைக் கேட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா, வேறு எதையோ விழுங்கினாரா தெரியவில்லை. அவர் பார்வை மட்டும் அண்ணியின் வீங்கிய பாதங்களை விட்டு நகரவில்லை.

"மறுதேர்வு உண்டு" என்றார் அலுவலர், விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு. "பதற்றத்தில் கூடுதலாக விடையளித்தோருக்கு ஒரு வாய்ப்புன்னு இருக்கு. இந்தத் தடவை படத்தைக் காட்டிக் கேட்கணும்."

பால்காரி அண்ணியின் காதோரம் குனிந்தாள். "தப்புத் தப்பா சொல்லு அண்ணி. தலைவலி வந்தா ஆடிப் பாடணும்னு சொல்லு."

அண்ணிக்கு அந்தச் சிரமமே வரவில்லை. அலுவலர் முதல் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன படம்?"

அண்ணி வெகுநேரம் பார்த்தாள். "தெரியல."

"சபாஷ். இது?"

"தெரியல சார்."

"இது?"

"உண்மையிலேயே தெரியல சார். ஒரே இருட்டா இருக்கு."

"அதைத்தாம்மா நாங்க அறியாமை இருள்னு சொல்றோம்!" அலுவலர் பூரித்துப்போனார். பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம், "பாருங்க சிஸ்டர், முறையாக் கேட்டா எல்லாருக்கும் தெரியாமத்தான் இருக்கு" என்றார்.

பால்காரி அண்ணியின் கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். இதுவரை இரண்டாகத் தெரிந்தவள், இப்போது அண்ணிக்கு ஒன்றாகக்கூடத் தெரியவில்லை.

மறுதேர்வில் மதிப்பெண் ஐந்து. அலுவலர் அதைச் சிவப்பு மையில் எழுதி, வட்டம் போட்டு, "நல்வரவு" என்றார். "இனி ஒரு மணி நேரம் பாடம். பாடம் முடிஞ்சதும் வார்டு. இன்னைக்குப் பாடம் மாடி மண்டபத்துல, குழு முன்னாடி. கொடுத்து வெச்சவங்க நீங்க." சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் சிஸ்டர் அருகே வந்தார். அண்ணியின் காலில் விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"பிரஷர் பார்க்கணும். இப்பவே பார்க்கணும்."

"பாருங்களேன் சிஸ்டர்! யாரு வேணாம்னா?"

"மெஷின் மேல இருக்கு. குழுவுக்குச் செயல்விளக்கம் காட்டத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. போன மாசம் ஒரு பொண்ணுக்குப் பாடத்துக்கு முன்னாடியே ஊசி போட்டேன். அவ பிழைச்சுக்கிட்டா. ஆனா முன்னேற்றம் நூறுல இருந்து தொண்ணூத்தேழுக்கு இறங்கிடுச்சு. எனக்கு மெமோ. இன்னொண்ணு வந்தா என்னைத் தூக்கிடுவாங்க. அப்புறம் இங்க ஊசி போடத் தெரிஞ்சவங்களே இருக்க மாட்டாங்க." மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். "செயல்விளக்கத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை வெச்சிருந்தாங்க. காலையில அதுக்குக் காத்து இறங்கிடுச்சு. உயிருள்ள ஒரு அம்மா கிடைச்சா நல்லதுன்னு தேடிக்கிட்டிருக்காங்க. நான் சொல்லல. உங்க காதுல விழுந்தது."

பால்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெண்ணின் கையில் கட்ட வேண்டிய கருவி மேடையில் இருக்கிறது என்றால் பெண்ணை மேடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அண்ணியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இருபத்திரண்டு படி. பன்னிரண்டாவது படியில் ஒரு வலி. பதினெட்டாவது படியில் இன்னொன்று.

மண்டபத்தில் பன்னிரண்டு கர்ப்பிணிகள், நுழைவுத் தேர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, எட்டு மணியிலிருந்து வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். கைதட்ட வேண்டிய இடங்களில் ஒரு ஊழியர் விரலைத் தூக்குவார். அவர்கள் தட்டுவார்கள். முன்வரிசையில் குழு. நடுவில் குழுத் தலைவி. மேடையில் சட்டைக் கழுத்தில் குட்டி மைக்கைச் செருகிக்கொண்டு தலைமை மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நம் தாய்மார்களுக்கு உள்ள ஒரே நோய் அறியாமை! அதற்கு மருந்து எங்களிடம் இருக்கிறது. மற்ற நோய்களுக்கு மருந்து சென்ற ஆண்டே தீர்ந்துவிட்டது. ஆனால், நான் கேட்கிறேன், மருந்து கொடுத்து ஒரு தாயைக் காப்பாற்றினால் ஒரு தாய்தான் பிழைப்பாள். அறிவைக் கொடுத்தால்? ஓர் ஆண்டில் ஆயிரத்து நூறு படிவங்கள்!"

விரல் உயர்ந்தது. கைதட்டல்.

அறிவு அலுவலர் வாசலில் நின்ற அண்ணியைக் கண்டதும் கண்ணை விரித்தார். "அடடா! முகவீக்கம், கால்வீக்கம், எல்லாம் பாடத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. வாங்கம்மா, வாங்க!" அவரே கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப் போய் நாற்காலியில் அமர்த்தினார். பின்னாலேயே சிஸ்டர் வந்து, யாரும் சொல்லாமலே அண்ணியின் புஜத்தில் பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தினார். கருவி உறுமியது. பட்டை இறுகியது. பால்காரி கருவியின் சின்னத் திரையையே பார்த்தாள்.

அலுவலர் கையில் இருந்த அட்டையைப் பார்த்து வாசித்தார். "இதோ, தாயின் இரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. இயல்பான நிலை. இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்..."

"சார், நூத்தி எண்பத்துநாலுன்னு எரியுது!" பால்காரி கத்தினாள். "கீழ நூத்தி இருபத்திரண்டு!"

"அட்டையில நூற்றிருபதுன்னுதாம்மா இருக்கு."

"அட்டைக்கா பிரசவம் பார்க்கப் போறீங்க?"

குழுத் தலைவி தலையை நிமிர்த்தினார். "இந்தப் பெண்மணி யார்?"

"துணை நடிகை மேடம்" என்றார் அலுவலர், ஒரு நொடியும் தாமதிக்காமல். "ஊர்ப் பெண்களின் அவநம்பிக்கையைச் சித்திரிக்கிறாங்க."

தலைவி குறித்துக்கொண்டார். "ரொம்ப இயல்பா இருக்கு."

அப்போது அண்ணியின் கண்கள் மேலே செருகின. கழுத்து ஒரு பக்கம் திரும்பி இறுகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, நாற்காலியோடு சரிந்தாள்.

ஊழியரின் விரல் உயர்ந்தது. மண்டபம் கைதட்டியது.

தலைவிகூட எழுந்து நின்று தட்டினார். "வலிப்பையும் சேர்த்திருக்கீங்களா? அற்புதம்!"

"நிகழ்ச்சி நிரல்ல இல்லையே..." என்று அலுவலர் காகிதத்தைப் புரட்டினார்.

சிஸ்டர் சரிந்த நாற்காலியைத் தாண்டிப் பாய்ந்தது எப்படி என்று பால்காரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. அண்ணியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார். "கையைக் காலைப் பிடிச்சு அமுக்காதீங்க! தலைக்கு அடியில துணியை வைங்க!" என்று பால்காரிக்குக் கட்டளை போட்டார். பிறகு நிமிர்ந்து, தன் வேலைக்காலத்தில் ஒருமுறையும் பேசாத குரலில், "டாக்டர்! பேச்சை நிறுத்திட்டு வாங்க!" என்றார்.

"பாடம் இன்னும்..." என்று தொடங்கினார் மருத்துவர்.

"வாங்கன்னு சொன்னேன்!"

மருத்துவர் வந்தார். ஸ்ட்ரெச்சரும் வந்தது. இழுப்பு நின்று, பிணம் போலக் கிடந்த அண்ணியைக் கையில் கட்டிய கருவியோடு தூக்கிக்கொண்டு போய் மண்டபத்துக்குக் கீழே பிரசவ அறையில் சேர்த்தார்கள். பால்காரியின் முகத்தில் கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டில் நின்றாள், இறங்கினாள், ஏறினாள். அப்போது மண்டபத்தின் ஒலிபெருக்கியில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

மருத்துவரின் கழுத்தில் மைக் அப்படியே இருந்தது.

பால்காரி மாடிக்கு ஓடினாள். பன்னிரண்டு பெண்களும் நாற்காலியை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வலிப்புக்கான ஊசி இருக்கா சிஸ்டர்?" மருத்துவரின் குரல்.

"நான் ஒளிச்சு வெச்சிருக்கேன். முதல்ல கை நரம்புல, அப்புறம் ரெண்டு பக்க இடுப்புலயும் போடணும்."

"எவ்வளவு போடணும்? சிஸ்டர், நான் கடைசியா பிரசவம் பார்த்து ஆறு வருஷம் ஆகுது. பயமா இருக்கு."

முன்வரிசையில் குழுத் தலைவியின் பேனா நின்றுவிட்டது. அறிவு அலுவலர் ஒலிபெருக்கியை நிறுத்தும் பொத்தானைத் தேடிச் சுவரைத் தடவினார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி எழுந்து அந்தச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். "தொட்டுப் பாருங்க" என்றாள். அவர் தொடவில்லை.

"பயப்பட அப்புறம் நேரம் இருக்கு டாக்டர். அளவை நான் சொல்றேன். அந்தக் கையைப் பிடிங்க. ஊசியை மெதுவா, மெதுவா... சரி. மூச்சு எண்ணுங்க. ஒளிச்சு வெச்சதுல பிரஷர் மருந்தும் இருக்கு, எடுங்க."

மூச்சை எண்ணும் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. பதினாலு. பதினஞ்சு. பால்காரியும் கூடவே எண்ணினாள். பக்கத்தில் இருந்தவளும் எண்ணினாள். பிறகு பிரஷர் பட்டை இறுகும் உறுமல். நூத்தி எழுபது. வெகுநேரம் கழித்து, நூத்தி அறுபது. "தலை தெரியுது" என்றார் சிஸ்டர். "பாதி மயக்கத்துல இருக்கா, அவளால முக்க முடியாது. டாக்டர், இந்தப் பக்கம் வாங்க."

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பாத்திரம் உரசும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், யாரோ பல்லைக் கடித்து மூச்சு விடும் சத்தம். பால்காரி தன் கையை யாருடைய மடியில் வைத்திருக்கிறோம் என்றே தெரியாமல் வைத்திருந்தாள்.

ஒரு குழந்தை வீறிட்டது.

மண்டபத்தில் ஊழியர் பழக்கதோஷத்தில் விரலை உயர்த்தினார். ஒருத்தியும் தட்டவில்லை.

"பெண் குழந்தை" என்றது ஒலிபெருக்கி.

"அம்மா எப்படி இருக்கா? அதைச் சொல்லுங்க!" பால்காரி ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள். ஒலிபெருக்கிக்குக் காது இல்லை. கால் மணி நேரம் அது குழந்தையின் அழுகையை மட்டும் சொன்னது. அரை மணி நேரம் ஆயிற்று. நூத்தி ஐம்பது என்றது. பிறகு, கிணற்றின் அடியிலிருந்து வருவது போல ஒரு குரல்.

"என் நாத்தனார் இன்னும் இங்கயா இருக்கா? வண்டியில பால் திரிஞ்சிடுமே... ஒரு வேலையும் ஒழுங்கா செய்ய மாட்டா."

பால்காரி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா, இந்த நிலைமையிலயும் அந்த நாக்கைப் பார்த்தீங்களா!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் புகார் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அலுவலர் மெல்ல மேடையேறினார். தொண்டையைச் செருமினார். "எதிர்பாராத இடையூறுக்கு வருந்துகிறோம். இனி அறிவுப் பாடம் தொடரும். அனைவரும் படிவம் மூன்றை எடுத்துக்கொண்டு..."

சுவரில் சாய்ந்து நின்றவள் படிவத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு நாலு பேர். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டு பன்னிரண்டு பேரும் கீழே போய், பிரசவ அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். கதவைத் திறந்துகொண்டு சிஸ்டர் வெளியே வந்தார். உடையெல்லாம் ரத்தம், கையில் பிரஷர் கருவி. முன்னால் நின்றவள் புஜத்தை நீட்டினாள்.

"சிஸ்டர், எனக்கும் அந்தப் பட்டையைக் கட்டிப் பாருங்க. மூணு நாளா தலைவலி. மேல உட்கார்ந்து கைதட்டச் சொன்னாங்க, தட்டிக்கிட்டிருந்தேன்."

அலுவலர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நுழைவுத் தேர்வு இல்லாம யாரையும்... சிஸ்டர், மெமோ... மேடம் பார்த்துக்கிட்டிருக்காங்க!"

மேடம் படிக்கட்டில்தான் நின்றிருந்தார். சிஸ்டர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பட்டையைச் சுற்றினார், பொத்தானை அழுத்தினார். கருவி உறுமி அடங்கியது. திரையைப் பார்த்தவர், அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து அவளை அப்படியே உள்ளே நகர்த்தினார்.

அலுவலர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏறக்குறைய கெஞ்சினார். "இவங்க மார்க் எவ்வளவுன்னாவது சொல்லிட்டுப் போங்க சிஸ்டர்!"

"நூத்தி அறுபத்தெட்டு" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் கதவைச் சாத்தினார்.